விட்டுக்கொடுத்தலும் ஒப்படைத்தலும்

ஆலுவாவுக்குப் பக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்கும் ஒரு பெண் 2021 மார்ச்சில் செய்த காரியம் பலருக்கு நினைவிருக்கலாம். கேரள அரசின் கோடை பம்பர் குலுக்கல் நாள். பன்னிரண்டு சீட்டுகள் விற்காமல் கையில் நின்றுவிட்டன. வழக்கமாக வாங்குகிறவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிப் பார்க்கிறார். அவர்களில் ஒருவர் ஒரு எண்ணைக் குறிப்பிட்டு, அதைத் தனக்கென்று எடுத்து வைக்கும்படியும் பணம் பிறகு தருவதாகவும் சொல்கிறார். விலை 200 ரூபாய். குலுக்கலில் அந்த எண்ணுக்கே முதல் பரிசு, 6 கோடி. சீட்டு பெண்ணின் கையில் இருக்கிறது. பணம் வந்து சேரவில்லை. எழுத்தில் ஒன்றும் கிடையாது. அவர் சீட்டை எடுத்துக்கொண்டு அந்த மனிதரின் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, தனக்குச் சேர வேண்டிய 200 ரூபாயை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இதைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் திரும்பத் திரும்பக் கையாண்ட சொற்கள் தியாகம், பெருந்தன்மை, விட்டுக்கொடுத்தல். ஆறு கோடியை விட்டுக்கொடுத்த ஏழைப் பெண் என்று ஒரு சித்திரம் உருவாயிற்று. நல்லெண்ணத்தோடு வரையப்பட்ட சித்திரம்தான். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் அது தன்னுடையதாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணைப் புகழ்ந்த ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, சீட்டு அவருடையதுதான் என்று தீர்ப்பெழுதிவிட்டுத்தான் புகழத் தொடங்கியிருக்கிறார்கள். எவன் கையில் இருக்கிறதோ அவனே உடைமைக்காரன் என்பது நம் அடிமனத்து நம்பிக்கை. அதற்கு மாறாக ஒருவர் நடந்துவிட்டால் அற்புதம் என்று பெயரிட்டு அதைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறோம். நம் நம்பிக்கைக்குச் சேதம் இல்லை.

அந்தப் பெண்ணின் பார்வை என்ன என்பது அவர் வாங்கிக்கொண்ட 200 ரூபாயில் இருக்கிறது. தியாகி அதை வாங்கியிருக்க மாட்டார். பாக்கி நின்ற விலையை வசூலித்துக்கொண்டு, விற்ற சரக்கை உரியவரிடம் ஒப்படைத்தவர் அவர். பரிசு விழுந்த சீட்டை விற்றவருக்கு முறைப்படி தரகு உண்டு. அது வேறு கணக்கு. ஆறு கோடிக்கும் அவருக்கும் இடையில் இருந்தது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள தொடர்பு மட்டுமே. குலுக்கலுக்கு முன்னால் ஏற்பட்டுவிட்ட அந்தத் தொடர்பு, குலுக்கலுக்குப் பின் மாறிவிடும் என்று அவர் நினைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். இந்த ‘அவ்வளவுதான்’ நம் எழுத்துக்கு ஏன் எட்டவில்லை என்பதை விசாரிக்கவே இதை எழுதுகிறேன்.

லாட்டரி போன்ற அற்ப விஷயத்துக்கு ஒரு சிறுபத்திரிகையில் இத்தனை பக்கமா என்று கேட்கக்கூடிய நண்பர்கள் உண்டு. ஒரு சமூகம் உடைமையை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறது என்பது நிலத்தகராறில் தெரிவதைவிடச் சீட்டுத் தகராறில் துல்லியமாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். நிலத்துக்குப் பட்டா உண்டு, அனுபோகம் உண்டு, தலைமுறைக் கதை உண்டு. சீட்டுக்கு இவை எதுவும் கிடையாது. நேற்றுவரை சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த தாள். இன்று அதற்கு நாலு பேர் வாரிசு.

முதலில், சீட்டு என்பது என்ன பொருள்? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தே போயிற்று. லாட்டரிச் சீட்டுக்கு விற்பனை வரி போடலாமா என்பது எச். அன்ராஜ் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கின் பிரச்னை. 1985இல் தீர்ப்பு. சீட்டு சரக்காக இருந்தால் வரி உண்டு. வழக்காடிப் பெறத்தக்க வெறும் கோரிக்கையாக இருந்தால் வரி கிடையாது. நீதிமன்றம் சீட்டை இரண்டாகப் பிளந்து பார்த்தது. குலுக்கலில் கலந்துகொள்ளும் உரிமை வாங்கிய கணத்திலேயே கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே அது சரக்கு. பரிசைப் பெறும் உரிமை, விழுந்தால்தான் உண்டு; அது கோரிக்கை. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2006இல், சன்ரைஸ் அசோசியேட்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்காக ரூமா பால் எழுதிய தீர்ப்பு இந்தப் பிளவை ஏற்க மறுத்தது. பரிசு வாய்ப்பைக் கழித்துவிட்டால் கலந்துகொள்ளும் உரிமை என்று மிஞ்சுவது என்ன? ஒன்றும் இல்லை. ஆகவே சீட்டு முழுவதும் ஒரு வாய்ப்பின் மேலுள்ள கோரிக்கை. தாள் அதற்குச் சாட்சி. பிறகு 2020இல், ஜிஎஸ்டி சட்டத்தின் விளக்கப்படி கோரிக்கையும் சரக்கில் அடங்கும் என்று வரி மறுபடி நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. வரி தன் வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். நமக்கு முக்கியம் 2006இன் சிந்தனைதான். தாள் சாட்சி என்றால், சொந்தக்காரன் யார் என்று கேட்கும்போது நாம் சாட்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் வங்கி முகப்பில் உட்கார்ந்திருப்பவன். கொண்டுவருபவருக்குப் பணம் தரும் காசோலை, பெயருக்குரியவருக்கு மட்டும் தரும் காசோலை என்ற பேதத்தில்தான் என் பகல் கழிகிறது. லாட்டரிச் சீட்டு முதல் வகையாகப் பிறந்து இரண்டாவது வகையாக மாறக்கூடிய விசித்திரமான தாள். பின்புறம் காலியாக இருக்கும்வரை அது எவர் கையிலும் பேசும். கேரள விதிப்படி பரிசு கேட்பவர் பின்புறத்தில் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, முப்பது நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். எழுதியபின் அது ஒருவர் பெயரில் மட்டும் பேசும். வாங்கிய உடனே பெயர் எழுதிவைக்கச் சொல்லி அறிவுரை உண்டு, எழுதிவைப்பவர் அரிது. ஐம்பது ரூபாய்த் தாளில் யாராவது கையெழுத்துப் போட்டு உரிமை கொண்டாடுவார்களா? விழுந்தபின் அந்தக் காலிப் பின்புறம்தான் போர்க்களம். யாரும் கேட்டு வராத பரிசு, 1998ஆம் ஆண்டு லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நடத்திய மாநில அரசுக்கே போய்ச் சேரும். ஆக, எல்லோரும் மௌனமாக இருந்தால் அரசுதான் சொந்தக்காரர்.

தகராறுக்கு வருகிறவர்கள் சொல்லும் நியாயங்களைக் கூட்டிப் பார்த்தால் நாலு வகைக்குள் அடங்கிவிடும். பணம் நான் கொடுத்தேன். சீட்டு என் கையில் இருக்கிறது. எண் நான் சொன்னது. எனக்கென்று வாக்குக் கொடுக்கப்பட்டது. பணம், கை, எண், வாக்கு. ஆலுவா சீட்டில் கை ஒரு பக்கம், எண்ணும் வாக்கும் மறுபக்கம். பணம் இன்னும் கிளம்பவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஓணம் பம்பர் 12 கோடி விழுந்தபோது வேறொரு விதம். துபாயில் உணவகம் ஒன்றில் வேலை செய்த வயநாட்டுக்காரர், ஊரிலிருக்கும் நண்பர் தனக்காக எடுத்த சீட்டுக்குப் பரிசு விழுந்துவிட்டது என்று நம்பி அறிவித்தார். அவரிடம் இருந்தது கைப்பேசிக்கு வந்த ஒரு படம். கொச்சிப் பக்கம் மரடைச் சேர்ந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர் அசல் சீட்டை வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்ததும் படம் படமாக மட்டும் நின்றது. தாளின் படத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு நாள், கடல் கடந்து ஒரு மனிதர் தன்னுடையது என்று முழு மனத்தோடு வாழ்ந்துபார்த்த அந்த ஒரு நாள், எந்த வகையில் பொய்? அது எந்த நீதிமன்றத்துக்கும் போகாத கேள்வி. எழுத்தாளன் முன் மட்டுமே நிற்கிற கேள்வி.

குலுக்கலுக்கு முன்னால் ஒரு சீட்டுக்குச் சரித்திரம் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். யார் சொல்லி யார் வாங்கினார்கள், சில்லறை யார் கொடுத்தார்கள், எந்த டீக்கடை வாசலில் நின்றார்கள் என்பதெல்லாம் எவருக்கும் ஞாபகம் இருக்க நியாயம் இல்லை. விழுந்த மறுகணம் எல்லோருக்கும் ஞாபகம் பொங்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொருவரும் தன் பக்கத்துக் கடந்த காலத்தைச் சிருஷ்டிக்கத் தொடங்குகிறார்கள். வேண்டுமென்றே பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆசை ஞாபகத்தைத் திருத்துகிறது. திருத்தப்பட்ட ஞாபகம் மனசாட்சியோடு சேர்ந்து நிற்கிறது. முன்னால் இருந்து பின்னால் போகும் காலத்தைப் பின்னாலிருந்து எழுதுவதுதான் இந்தத் தகராறின் உள்ளமைப்பு. இதைவிட நல்ல கதைக்கரு ஒருவனுக்கு என்ன கிடைத்துவிட முடியும்?

ஆனால் நம் வணிகப் பத்திரிகைக் கதைகளில் லாட்டரிச் சீட்டு எதற்குப் பயன்பட்டு வந்திருக்கிறது? ஒன்று, துவைக்கப் போட்ட சட்டைப் பையில் சீட்டு கூழாகிப்போகும். விதியை நொந்துகொண்டு கதை முடியும். இல்லையென்றால் வேலைக்காரச் சிறுவன் முதலாளியின் சீட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து நீட்டுவான். முதலாளி கண் கலங்கிப் பாதியைக் கொடுப்பார். முதல் வகை அதிர்ஷ்டத்தைப் பற்றிய புலம்பல். இரண்டாவது வகை நேர்மையைப் பற்றிய ஜோடனை. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. சிறுவனின் நேர்மைக்குக் கதாசிரியர் அவசரமாகப் பாதிப் பரிசைக் கூலியாகக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். நேர்மை வெறுங்கையோடு வீடு திரும்புவதை அவரால் சகிக்க முடிவதில்லை. வாசகனுக்கும் அந்தச் சங்கடத்தைக் கொடுக்க அவர் தயாராக இல்லை. ஆலுவாப் பெண்ணைத் தியாகி ஆக்கிய மனோபாவமும் இந்தக் கதைகளை எழுதிய மனோபாவமும் ஒன்றுதான். கையிலிருப்பது தன்னுடையது என்பதில் இருவருக்கும் சந்தேகமே கிடையாது.

செகாவ் 1887இல் எழுதிய லாட்டரிச் சீட்டுக் கதையை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். பரிசுப் பட்டியலில் தன் மனைவியின் சீட்டுக்குரிய வரிசை எண் 9499 இருப்பதை இவான் திமித்ரிச் பார்க்கிறான். சீட்டின் எண் 26. அதைப் பார்க்காமல் பட்டியலை மூடி வைத்துவிட்டு நம்பிக்கையின் சுகத்தை நீட்டிக்கிறான். பண்ணை வீடு, கோடைக்காலம், வெளிநாட்டுப் பிரயாணம் என்று கற்பனை போகிறது. பிரயாணத்தில் மனைவியும் கூட வருவாள் என்ற இடத்தில் தடுக்குகிறது. சீட்டு அவளுடையது, பணமும் அவளுடையது, கணக்குக் கேட்பாள். முதல் தடவையாக அவள் வயதாகிப்போனது அவன் கண்ணுக்குத் தெரிகிறது. அவள் உறவினர்கள் பிச்சைக்காரர்கள்போல் வந்து நிற்பது தெரிகிறது. அவளும் அவன் மனத்தைப் படித்துவிட்டு வெறுக்கிறாள். பிறகு அவன் எண்ணைப் பார்க்கிறான். 46. பரிசு இல்லை. வெறுப்பும் போயிற்று, நம்பிக்கையும் போயிற்று. அறை மட்டும் திடீரென்று இருண்டு குறுகிப்போய்க் கிடக்கிறது.

உடைமைத் தகராறின் தூய வடிவம் இது. பரிசே விழாததால் சட்டத்துக்கு இங்கே வேலையில்லை, சாட்சியும் வேண்டாம். வாங்குவதற்கும் முடிவு தெரிவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒரு குடும்பத்துக்குள் சொத்துரிமை என்ன செய்கிறது என்பதை மட்டும் செகாவ் தனியே எடுத்துக் காட்டுகிறார். தமிழ்நாட்டில் 1968இல் அரசுப் பரிசுச் சீட்டு வந்தபோது, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று ஒரு முழக்கம் சொல்லப்பட்டது. வீடு ஓர் ஆள் என்று அது எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்குள் யாருக்கு? செகாவின் கதை அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது.

பால்சாக் வேறு இடத்தில் கை வைக்கிறார். 1842இல் முடிந்த ‘லா ரபூய்யூஸ்’ நாவலில் ஒரு கிழவி பல ஆண்டுகளாக அதே மூன்று எண்கள்மீது பணம் கட்டி வருகிறாள். ஒரு முறை, கட்ட வைத்திருந்த சேமிப்பை வீட்டுப் பையன் பிலிப் திருடிக்கொண்டு போய்விடுகிறான். அவள் கட்டவில்லை. அந்த முறை அந்த எண்கள் வருகின்றன. அதிர்ச்சியில் அவள் செத்துப்போகிறாள். பிலிப் திருடியது சேமிப்பை மட்டும்தானா, விழாத பரிசையும் சேர்த்தா? வாங்கவே வாங்காத சீட்டுக்குச் சொந்தக்காரி அவள். எண்மேல் ஆண்டுக்கணக்காக வைத்த விசுவாசம் மட்டும் ஒருவருக்கு உரிமை தருமா? சட்டம் தராது என்று சொல்லிவிடும். பால்சாக் அவள் பிணத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

வாங்குவதற்கும் முடிவுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைத்தான் நம் கதைகள் தாண்டிக் குதித்துவிடுகின்றன. இத்தனைக்கும் இந்த மலையில் அது அன்றாட விஷயம். கோத்தகிரியைச் சுற்றியுள்ள சிறு தேயிலை விவசாயி பறித்த கொழுந்தை ஏஜெண்டிடம் எடை போட்டுக் கொடுக்கிறான். கிலோவுக்கு என்ன விலை என்பது அப்போது தெரியாது. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போயிற்று என்பதை வைத்துப் பிறகுதான் கொழுந்தின் விலை நிச்சயமாகும். கொழுந்து கைமாறிவிட்டது, மதிப்பு பின்னால் வருகிறது. விலை ஏறினால் ஏஜெண்ட், இது என் கையில் இருந்த கொழுந்து, ஏற்றம் எனக்கு என்று சொல்ல முடியாது. அன்றைய எடைச் சீட்டு அன்றைக்கே பேசி முடித்துவிட்டது. கூடுதல் விலையைச் சேர வேண்டியவனுக்குக் கொடுக்கும் ஏஜெண்டைத் தியாகி என்று யாராவது சொன்னால் டீக்கடையில் சிரிப்பார்கள். ஆலுவாப் பெண்ணுக்கும் இந்த ஏஜெண்டுக்கும் வித்தியாசம் தொகையில் மட்டும்தான். தொகை பெரிதானதும் நாம் நியாயத்தின் பெயரை மாற்றிவிடுகிறோம்.

இனி, இந்த மலையிலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து எல்லா லாட்டரிகளுக்கும் தடை. பல குடும்பங்களைத் தின்ற வியாபாரம் அது. தடைக்கு எதிராக நான் வாதாட வரவில்லை. ஆனால் ஊட்டி, கூடலூர் தாண்டி நாடுகாணியிலோ பாட்டவயலிலோ எல்லை கடந்தால் கேரளம். மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை வழியே போனால் வாளையார். அங்கே லாட்டரி அரசாங்கமே நடத்தும் தொழில். எஸ்டேட் லைனிலிருந்து ஒருவர் அந்தப் பக்கம் போகிறார் என்றால் நாலு பேர் பணம் கொடுத்துவிடுவதில் ஆச்சரியம் இல்லை. சீட்டு ஒருவர் கையில் வருகிறது. நாலு பேருக்கும் அதில் இருப்பது வாக்கு மட்டும்.

2023 செப்டம்பரில் ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நாலு பேருக்கு விழுந்தது. 500 ரூபாய்ச் சீட்டு. வாளையாரில் வாங்கியது என்றார்கள். உடனே ஒரு புகார். அந்தச் சீட்டு தமிழ்நாட்டுக்குள் கள்ளத்தனமாக விற்கப்பட்டது, ஆகவே பரிசு கொடுக்கக் கூடாது என்று. கேரள லாட்டரித் துறை விசாரித்தது. சீட்டு அசலா, எண் சரியா என்பதில் தகராறே இல்லை. வாங்கிய இடம் எது என்பதே கேள்வி. வேறு மாநிலத்தார் பரிசு பெற வேண்டுமென்றால் கேரளத்துக்கு எதற்கு வந்தோம், சீட்டை எந்தச் சூழ்நிலையில் வாங்கினோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நாலு பேர் சொன்னதை நான் சந்தேகிக்கவில்லை. என் கவலை பொதுவானது. இந்த ஏற்பாட்டில் சீட்டோடு கூட ஒரு கதையையும் சமர்ப்பிக்க வேண்டியிருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒளித்து விற்கப்பட்ட சீட்டில் பரிசு விழுந்த ஓர் ஏழை, உண்மையைச் சொன்னால் பரிசை இழக்கிறான். தன் கடந்த காலத்தை மாற்றி எழுதினால் பெறுகிறான். பின்னாலிருந்து கதை எழுதும் பழக்கத்தைத் தகராறுக்காரர்கள்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். விண்ணப்பப் படிவமும் அதையே கேட்கிறது.

பங்கு போட்டவர்கள் நிலைமை இன்னும் மோசம். இதற்கு ஒரு முன்மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. அலபாமா மாநிலத்தில் லாட்டரி கிடையாது. பக்கத்து ஃபுளோரிடாவில் உண்டு. 1999இல் அலபாமாவின் எல்லையோர உணவகம் ஒன்றில் வாடிக்கையாளர் ஒருவர் பணிப்பெண்களுக்கு ஃபுளோரிடாச் சீட்டுகளை இனாமாகக் கொடுத்தார். ஒருத்தியின் சீட்டுக்கு 1 கோடி டாலர் விழுந்தது. யாருக்கு விழுந்தாலும் எல்லோரும் பகிர்ந்துகொள்வதாகப் பேசியிருந்தோம் என்று கூட வேலை செய்த நாலு பேர் வழக்குப் போட்டார்கள். ஜூரி அவர்களை நம்பியது. 2000இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்திருந்தாலும், சூதாட்டத்தை அடிப்படையாகக் கொண்டு அலபாமா மண்ணில் செய்யப்பட்ட ஒப்பந்தம் அது, செல்லாது. பரிசு செல்லும், பங்கு செல்லாது. எல்லை தாண்டிய சீட்டுக்குப் பண மதிப்பு உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் கொடுத்த வாக்குக்கு மதிப்பு இல்லை.

நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை என்பதற்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. 1959இல் கெருலால் பாரக் வழக்கில் சுப்பா ராவ் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அது. இருவர் கூட்டாக யூக வியாபாரத்தில் இறங்கி நஷ்டம் அடைந்தார்கள். முழு நஷ்டத்தையும் கட்டிய கூட்டாளி மற்றவரிடம் பாதியைக் கேட்டார். சூதாட்ட ஒப்பந்தத்தைச் சட்டம் அமல் செய்யாது என்பது உண்மை. ஆனால் அதற்காக அது சட்ட விரோதம் ஆகிவிடாது, அதை ஒட்டிய கூட்டு செல்லும் என்றது நீதிமன்றம். வென்றதைப் பங்கு கேட்ட வழக்கு அல்ல இது, தோற்றதைப் பங்கு போட்ட வழக்கு. ஆயினும் நியாயம் ஒன்றுதான். விற்பனையே தடை செய்யப்பட்ட ஒரு மாநிலத்தில் லைன் வீட்டு வாசலில் கொடுத்த வாக்குக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் குடை பிடிக்கும் என்பதை வக்கீல்கள் பேசட்டும். வழக்குவரை போக வசதியுள்ளவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியும்.

தடைக்குப் பின் வந்த மூன்று நம்பர் லாட்டரியில் சீட்டே மறைந்துவிட்டது. கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று இலக்கங்கள்மேல் பந்தயம். துண்டுத்தாளில் கிறுக்கிய எண், அல்லது கைப்பேசியில் ஒரு வரி. விழுந்தால் விற்றவன் கொடுத்தால் உண்டு. கொடுக்காவிட்டால் போலீசுக்குப் போக முடியாது; போனால் இருவரும் குற்றவாளிகள். பணம், கை, எண், வாக்கு என்று எண்ணினோமே, அவற்றில் வாக்கு மட்டும் மிஞ்சிய உலகம் இது. அப்படியும் அந்தத் தொழில் நடக்கிறது என்றால், ஏமாற்றுக்காரர்கள் என்று பட்டம் பெற்றவர்களுக்குள்ளும் குலுக்கலுக்கு முன் சொன்ன சொல் பின்னால் செல்லும் என்று ஏதோ ஒரு நடைமுறை இருந்துகொண்டிருக்க வேண்டும். அதை லட்சியமயமாக்க நான் தயாரில்லை. அடுத்த நாள் வியாபாரம் நடக்க வேண்டுமே என்ற பயம்தான் அதன் ஆதாரமாக இருக்கலாம். ஆனால் சொல் எப்படிச் செல்லுபடியாகிறது என்று பார்க்க விரும்பும் எழுத்தாளன் பார்க்க வேண்டிய இடம் அது. சட்டைப் பையில் கூழாகிப்போன சீட்டில் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது.

முறிந்த வாக்கைப் பற்றி எழுத நமக்குத் தெரியும். துரோகம் நம் கதைகளில் நன்றாகவே வருகிறது. அதற்கு உச்சகட்டம் இருக்கிறது, வசனம் இருக்கிறது. முறியாத வாக்கை எழுத வேண்டி வந்தால் உடனே தியாகம் என்ற சொல்லைத் தேடி ஓடுகிறோம். 2023 ஜூலையில் மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடியில் நகராட்சிக் குப்பை சேகரிக்கும் பதினொரு பெண்கள் 250 ரூபாய் மழைக்கால பம்பர் சீட்டு ஒன்றைச் சேர்ந்து வாங்கினார்கள். 10 கோடி விழுந்தது. ஒன்பது பேர் ஆளுக்கு 25 ரூபாய். மற்ற இருவரிடம் அவ்வளவு இல்லை. ஆளுக்கு 12 ரூபாய் 50 காசு. பரிசு விழுந்ததை எழுதியவர்கள் அதிர்ஷ்டத்தைத்தான் எழுதினார்கள். எனக்கு அந்தப் பன்னிரண்டரை ரூபாய்தான் கதை. பத்துப் பங்கில் ஒரு பங்கை இரண்டாகப் பிளந்து, அரைப் பங்கும் பங்குதான் என்று அந்தப் பெண்கள் பேசி முடித்தபோது சீட்டுக்கு மதிப்பே வரவில்லை, கணக்கு வந்துவிட்டது. பரிசு விழாமல் போயிருந்தாலும் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் யாரும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பரிசு விழாத ஆயிரம் சீட்டுகளில் இப்படிப் பேசி முடித்த கணக்குகள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து, ஒருவருக்கும் மாலை போடாமல், நம்மில் யாராவது எழுத வேண்டும்.